மலைக் கிராமக் கர்ப்பிணிகளுக்கு வண்டி, தண்ணீர், துணை: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஒன்றியத்தில் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை என மூன்று மலை ஊராட்சிகள் உள்ளன. அங்குள்ள சிற்றூர்களில் மாசமாக இருக்கும் பெண்கள், அரசு கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைகளை நேரத்தோடு வாங்கி முழுசாகச் சாப்பிட்டு முடிக்கத் துணையாக இருப்பது என்று எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது. ஓராண்டு வேலை. 2,40,000 ரூபாய் வேண்டும். அதைக் கேட்டுத்தான் இந்தக் கடிதம்.

“மாத்திரைதான் இலவசமாகத் தருகிறார்களே, அப்புறம் வசூல் எதற்கு?” என்று முதல் கூட்டத்திலேயே ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. மாத்திரைக்கு நாங்கள் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கப் போவதில்லை. மாத்திரை கைக்கு வந்த பிறகும் வாய்க்குப் போகாமல் நிற்கிறதே, அந்த இடத்துக்குத்தான் பணம் தேவைப்படுகிறது.

குழுவில் இருக்கும் பெண்கள் சிலர் மலைமேல் வீடு வீடாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். ஒரு வீட்டில், சாமை மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே செருகியிருந்த பிளாஸ்டிக் பையை அந்த வீட்டு மருமகளே எடுத்துக் காட்டினாள். உள்ளே இரும்புச்சத்து மாத்திரை, சிவப்பு நிறம், அட்டை அட்டையாக. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. ஐந்தாவது மாதம். “தின்னா குமட்டுது. வெளிக்குப் போனா கறுப்பா போவுது. குழந்தைக்கு ஏதாவது ஆயிடும், வேணாம்னு அத்த சொல்லிடுச்சு” என்றாள். இரும்புச்சத்து சாப்பிட்டால் மலம் கறுப்பாகத்தான் போகும், அதனால் ஒரு கெடுதலும் இல்லை என்று அந்த மாமியாரிடம் யாரும் சொன்னதில்லை. மாத்திரை வாங்கியது மருமகள், சாப்பிடலாமா வேண்டாமா என்று முடிவு செய்தது மாமியார். பதிவேட்டைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும்: கொடுத்தாயிற்று.

இது மலைக்கு மட்டும் உரிய கதை இல்லை. கர்ப்பிணிகள் நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்றாக 180 நாள் இந்த மாத்திரையைச் சாப்பிட வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதும் 180 நாளும் சாப்பிட்டவர்கள் 26 சதவீதம்தான். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக அதே கணக்கெடுப்பு சொல்கிறது.

குழுவில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் இருக்கிறார். ஆப்பிரிக்காவில் பல வருடம் வேலை பார்த்தவர். எங்கள் திட்டத்தில் பாதி அவர் சொன்னதிலிருந்து வந்தது. மலேரியா அதிகமுள்ள ஆப்பிரிக்க நாடுகளில், காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கர்ப்பிணிகளுக்குத் தடுப்பு மாத்திரை உண்டு. சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் என்று பெயர். ஒரு வேளைக்கு மூன்று மாத்திரை. பதின்மூன்றாவது வாரத்துக்குப் பிறகு ஆரம்பித்து, ஒவ்வொரு வேளைக்கும் குறைந்தது ஒரு மாதம் இடைவெளி விட்டு, பிரசவத்துக்குள் மூன்று வேளையாவது கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மலேரியாக் கிருமி நஞ்சுக்கொடியில் போய்த் தங்கிவிடும். தாய்க்கு ரத்தசோகை, பிள்ளைக்கு எடைக்குறைவு. தலைப்பிரசவக்காரிகளுக்குத்தான் ஆபத்து அதிகம். விலை மலிந்த மாத்திரை, நன்றாக வேலையும் செய்கிறது. ஆனாலும் 2022இல் மூன்று வேளையும் கிடைத்தது அந்த நாடுகளின் கர்ப்பிணிகளில் 42 சதவீதம் பேருக்குத்தான்.

ஏன் என்று கேட்டால் அவர் சொல்லும் காரணங்கள் எல்லாம் ஒடுகத்தூர்ச் சந்தையில் கேட்கிற பேச்சு மாதிரியே இருக்கின்றன. முதல் மூன்று நான்கு மாதம் வெளியே சொல்லக் கூடாது, கண் படும். அதனால் முதல் பரிசோதனைக்கே தாமதமாக வருகிறார்கள்; மூன்று வேளைக்கு நாள் போதாமல் போகிறது. ஆஸ்பத்திரி தூரம், வண்டிக்குக் காசில்லை, ஒரு நாள் கூலி போகும், புருஷன் அனுப்பவில்லை. வந்தால் மாத்திரை இருப்பு இல்லை. சில இடங்களில் செவிலியருக்கே எந்த மாதத்தில் கொடுப்பது என்பதில் குழப்பம். வெறும் வயிற்றில் சாப்பிடலாம் என்று விதி சொன்னாலும், சாப்பிட்டுவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இன்னொரு காரணம் எங்களை உட்கார்ந்து யோசிக்க வைத்தது. அந்த மாத்திரையைச் செவிலியர் கண்ணெதிரே விழுங்க வேண்டும் என்பது முறை. பல நிலையங்களில் குடிக்கத் தண்ணீர் இருக்காது; தண்ணீர் இருந்தால் டம்ளர் இருக்காது. சரி, வீட்டில் போய்ச் சாப்பிடு என்று கையில் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்குப் போன மாத்திரை என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? ஒரு குடம் தண்ணீரும் நாலு டம்ளரும் இல்லாததால் ஒரு நாட்டுத் திட்டமே ஓட்டை விழுந்து கிடக்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த மலேரியாத் தடுப்பு மாத்திரை நம் ஊர்க் கர்ப்பிணிகளுக்கானது இல்லை. இந்தியாவில் அப்படிக் கொடுப்பதில்லை. இங்கே கொசுவலையும், காய்ச்சல் வந்த உடனே ரத்தப் பரிசோதனையும், உறுதியானால் மருத்துவர் தரும் சிகிச்சையும்தான் வழி. யாரும் கடையில் கேட்டு வாங்கி விழுங்கிவிட வேண்டாம். வெளியூருக்கு எஸ்டேட் வேலை, கட்டட வேலை என்று போய்த் திரும்பும் குடும்பத்தில் கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால், அன்றைக்கே ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்வதும் எங்கள் வேலைகளில் ஒன்று. ஆப்பிரிக்காவிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்வது மருந்தை அல்ல. காங்கோ ஜனநாயகக் குடியரசு, மடகாஸ்கர், மொசாம்பிக், நைஜீரியா ஆகிய நாடுகளில் ஊருக்குள்ளேயே இருக்கும் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போய் மாத்திரை கொடுத்தபோது, சாப்பிடுபவர்கள் கூடினார்கள். அதனால் ஆஸ்பத்திரிக்கு வருவது குறைந்துவிடவும் இல்லை. தெரிந்த முகம் வந்து சொன்னால் கேட்கிறார்கள்.

ஆகவே செலவில் பெரிய பங்கு மனிதர்களுக்குத்தான். மலை ஊர்களிலிருந்தே ஆறு பெண்களைத் துணைக்கு அமர்த்துகிறோம், பிள்ளை பெற்ற அனுபவம் உள்ளவர்கள். மாதம் 1,500 ரூபாய் வீதம் வருடத்துக்கு 1,08,000. நாள் தள்ளிப்போன வீட்டுக்குப் போய்ப் பேசி, பன்னிரண்டு வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிய வைப்பது அவர்கள் பொறுப்பு. சீக்கிரம் பதிந்தால்தான் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகையும் சிக்கலில்லாமல் வரும் என்று சொன்னால் காது கொடுப்பார்கள். ஆறாம் மாதம் பதிந்தால் பிரசவத்துக்கு முன் 180 நாள் எங்கிருந்து வரும்? மாத்திரையை டீயோடு சாப்பிடாதே, எலுமிச்சைச் சாறோடு சாப்பிடு, சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இதையும் ஒரே நேரத்தில் போடாதே, குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடு: இதெல்லாம் பக்கத்து வீட்டு அக்கா சொன்னால் ஏறும்.

பரிசோதனை நாளுக்கு மாதம் இரண்டு செவ்வாய்க்கிழமை ஜீப். ஒரு நடைக்கு 2,500, வருடத்துக்கு 60,000. பரிசோதனை நடக்கும் இடங்களில் குடிநீர் டிரம், எவர்சில்வர் டம்ளர், மூடி போட்ட தட்டு, தண்ணீர் கொண்டுவரும் கூலி எல்லாம் சேர்த்து 15,000. மாமியார்களுக்கு மட்டும் மாதம் ஒரு கூட்டம், டீயும் சுண்டலும், 12,000. (இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. எங்களுக்கென்னவோ இந்த 12,000 ரூபாய்தான் அதிகம் சாதிக்கும் என்று படுகிறது.) 108 வண்டி வந்து சேர முடியாத இடத்திலிருந்து இரவில் அவசரமாக இறக்க வேண்டியிருந்தால், அதற்கென்று 45,000 தனியாக வைக்கிறோம்.

சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதை வேலூரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். உலகத்தின் எங்கெங்கிருந்தோ வைத்தியத்துக்கு நம் ஊருக்கு வருகிறார்கள். வேலூருக்குள்ளேயே இருந்தும் வந்து சேராதவர்களுக்காகத்தான் கேட்கிறோம். 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும் ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்களை நாங்கள் வேற்று ஊராராக நினைக்கவில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் பழைய வட ஆற்காட்டுக்காரர்களையும் சேர்த்தே கேட்கிறோம். 2,500 கொடுத்தால் ஒரு நாள் ஜீப் உங்கள் கணக்கில் ஓடும். 1,500 என்றால் ஒரு துணைப் பெண்ணின் ஒரு மாதச் சம்பளம். முடிந்தது நூறு ரூபாய் என்றால் நூறு கொடுங்கள். பழைய மருந்து, மீந்த மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம்.

வரவு செலவு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒடுகத்தூரிலும் மூன்று ஊராட்சிகளிலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். கர்ப்பிணிகளின் பெயரோ படமோ எதிலும் வராது. நன்கொடையாளர்கள் கேட்டாலும் தர மாட்டோம். குழுவின் வங்கிக் கணக்கு விவரம் ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் அச்சிட்டிருக்கிறது. வரிசை எண்ணும் பொருளாளர் கையெழுத்தும் உள்ள ரசீது இல்லாமல் யார் வந்து கேட்டாலும் பணம் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
குழுவினர்,
ஒடுகத்தூர், வேலூர் மாவட்டம்.