கட்டணம் செலுத்துவதற்கா இத்தனை கெடுபிடி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்சாரம், குடிநீர், தொலைபேசி ஆகியவற்றுக்கான கட்டணங்களை இணையத்தில் செலுத்தச் செல்வோரைப் பாதுகாப்பு என்ற பெயரில் அலைக்கழிக்கும் போக்கு நாளுக்கு நாள் பெருகிவருகிறது.

நான் பயன்படுத்தும் ஒரு தளத்தில், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றியே தீர வேண்டும். அதில் பெரிய எழுத்தும் எண்ணும் சிறப்புக் குறியும் இருக்க வேண்டும். பழைய கடவுச்சொல் எதுவும் திரும்ப வரக் கூடாது. சேமித்து வைத்த கடவுச்சொல்லை ‘பேஸ்ட்’ செய்யவும் அனுமதியில்லை. அதைத் தாண்டினால், பூஜ்யமா, ‘ஓ’ என்ற எழுத்தா என்று பிரித்தறிய முடியாதபடி நெளிந்து கிடக்கும் கேப்ட்சா. அதற்குப் பின் கேட்கப்படும் ஓடிபி, பல நேரங்களில் அதற்கான அவகாசம் முடிந்த பிறகே கைபேசிக்கு வந்து சேர்கிறது. மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சில முறை தவறினால் கணக்கே முடங்கிவிடுகிறது. அதனால் கெடு தேதி தவறினாலும் தாமதக் கட்டணம் நம் தலையில்தான் விழுகிறது.

இவற்றில் பலவும் வல்லுநர்களே வேண்டாம் என்று ஒதுக்கிய விதிகள். காரணமின்றிக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றச் சொல்லக் கூடாது, கசிந்ததற்கான அறிகுறி தெரிந்தால் மட்டுமே மாற்றச் சொல்ல வேண்டும், ‘பேஸ்ட்’ செய்வதை அனுமதிக்க வேண்டும் என்று அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம் 2017-இலேயே பரிந்துரைத்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் 2019-இல் விண்டோஸுக்கான தனது பாதுகாப்புப் பரிந்துரைகளிலிருந்து கடவுச்சொல் காலாவதி விதியை நீக்கியது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டிவிட்டுப் போவார்கள். அதை ஊகிப்பது எளிது.

முதியவர்கள் படும் பாடுதான் என்னை மிகவும் வருத்துகிறது. நினைவில் வைத்துக்கொள்ள முடியாமல் பழைய ரசீதின் பின்புறம் கடவுச்சொல்லை எழுதி, “கொஞ்சம் கட்டிக் கொடுப்பா” என்று அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் ரசீதையும் கைபேசியையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். இந்த நிலைக்கு அவர்களைத் தள்ளியது அந்த விதிகள்தான்.

பிறர் கட்டணத்தைச் செலுத்துவதற்காக எவரும் கணக்கில் ஊடுருவுவதில்லை. பணம் எடுக்கப்படும்போது பெரும்பாலும் வங்கியே தனியாகச் சரிபார்க்கிறது. ஆகவே, நுகர்வோர் எண்ணை மட்டும் உள்ளிட்டு, லாகின் இல்லாமலேயே பணம் செலுத்தும் வழியை எல்லாத் தளங்களும் தர வேண்டும். கைபேசி எண், முகவரி, பணம் திரும்பப் பெறும் வங்கிக் கணக்கு ஆகியவற்றை மாற்றும்போதும், பழைய ரசீதுகளைப் பார்க்கும்போதும் எத்தனை கடுமையான சோதனை வைத்தாலும் நான் மனமார ஏற்பேன். தளத்தின் கோளாறால் கணக்கு முடங்கிய நாட்களுக்குத் தாமதக் கட்டணம் வசூலிப்பதையும் நிறுவனங்கள் உடனே நிறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்