காலேஜ் பக்கத்துல நம்ம ஆராதனை ஹால்: திருப்பணி நிறைவு அறிக்கை

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையார் எல்லாருக்கும் கட்டடக் கமிட்டி சார்பா ஸ்தோத்திரம். வேலை முடிஞ்சிடுச்சு. பிரதிஷ்டை ஆராதனைக்கு வந்தவங்க ஹால நேர்லயே பாத்துட்டீங்க, ஆனா எதுக்கு செலவு பண்ணோம், எத வேணாம்னு விட்டோம்னு சொல்ல வேண்டியது கமிட்டியோட பொறுப்பு. படிப்ப முடிச்சுட்டு வேற ஊருக்கு போன பிள்ளைங்களும் மொத சம்பளத்துல இருந்து காணிக்கை அனுப்பியிருக்காங்க, அவங்களால வர முடியல, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதுறோம்.

பல பேர் கேட்டது, இவ்வளவு பெரிய காலேஜ் பக்கத்துல இருந்துக்கிட்டு ஏன் இத்தன சின்ன ஹால்னு. காலேஜ் ஊர் சபை எப்படின்னு உங்களுக்கே தெரியும், செமஸ்டர் ஓடும்போது வாசல் வரைக்கும் ஆள் நிக்கும், பரீட்சை வாரம் வந்தா பாதியாயிடும், லீவு விட்டுட்டா இங்கயே குடியிருக்கிற குடும்பங்க மட்டும்தான். நிரம்பி வழியிற ஞாயித்துக்கிழமைய மனசுல வச்சு கட்டினா, லீவு மாசத்து கரண்ட் பில்லும் பராமரிப்பும் அந்த குடும்பங்க தலையிலதான் விழும். அதனால காணிக்கை ரொம்ப குறையிற மாசத்துலயும் கடன் வாங்காம ஓடுற அளவு என்னவோ அந்த அளவுக்குத்தான் கட்டினோம், கூட்டம் கூடினா காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு ரெண்டு ஆராதனை வச்சுக்கலாம். இதுல கமிட்டிக்குள்ளயே ஒருமனசு இல்லங்கிறதயும் மறைக்கல, பெருசா கட்டுறதுதான் விசுவாசம்னு கடைசி வரைக்கும் சொன்னவங்க உண்டு, ஓட்டெடுத்துதான் முடிவாச்சு.

புதுசா கட்டாம இருந்த வீட்டயே மாத்தினதுக்கும் சிலருக்கு மனசு ஒப்பல, கோபுரம் இல்லாம சர்ச்சான்னு. ஆதி சபை வீட்லதான் கூடுச்சு, ரோமர் 16ல பிரிஸ்கில்லா ஆக்கில்லா வீட்டு சபைக்கு பவுல் வாழ்த்து சொல்றாரு. சிரியாவுல யூப்ரடீஸ் ஆத்தோரமா தூரா யூரோப்போஸ்னு ஒரு பழைய பட்டணம், 1930கள்ல தோண்டினப்ப ஒரு வீட்டு சர்ச் கிடைச்சுச்சு, கிட்டத்தட்ட 1,800 வருஷம் பழசு. அங்க ரெண்டு ரூமுக்கு நடுவுல இருந்த சுவர எடுத்துட்டு ஒரே ஹாலாக்கி, வேற ஒரு ரூம ஞானஸ்நானத்துக்கு ஒதுக்கியிருக்காங்க. நாங்களும் அச்சு அசலா அதத்தான் செஞ்சிருக்கோம்.

நடுச்சுவர் பாரம் தாங்குற சுவர்னு இன்ஜினியர் சொன்னதால இடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் முட்டு கொடுத்து, இரும்பு பீம் ஏத்தி, பாரம் பீமுக்கு மாறின பிறகுதான் செங்கல்ல எடுத்தாங்க. வேலை இழுத்ததுக்கு பாதி காரணம் இதுதான். ஞானஸ்நானத் தொட்டிய மேடை மேல வச்சா எல்லாருக்கும் தெரியும்னு வாலிபர் குழு ஆசப்பட்டுச்சு. ஆனா ஒரு கன மீட்டர் தண்ணி 1,000 கிலோ, 2 மீட்டர் நீளம் ஒன்றரை மீட்டர் அகலம் 1 மீட்டர் ஆழம்னு போட்டா தண்ணி மட்டுமே 3 டன் வருது, ஆள் எடை தனி. மேடை தாங்காது, அதனால பக்கத்து ரூம்ல தரையிலயே இறக்கிட்டோம், நடுவுல அகலக் கதவு, தொறந்தா ஹால்ல இருந்தே பாக்கலாம்.

அடுத்தது சத்தம். சுவர் எடுத்த அன்னைக்கு உள்ள நின்னு கை தட்டி பாத்தா டர்ர்ருன்னு எதிரொலி, எதிரெதிரா ரெண்டு மொட்டச் சுவர் இருந்தா அப்படித்தான், சத்தம் ரெண்டுக்கும் நடுவுல மோதி மோதி வரும். பெரிய ஸ்பீக்கர் வாங்கலாம்னு உடனே யோசனை வந்துச்சு, ஆனா எதிரொலிக்கிற ரூம்ல ஸ்பீக்கர பெருசாக்கினா எதிரொலியும் சேந்துதான் பெருசாகும். பிரசங்கம் வார்த்தைக்கு வார்த்தை புரியணும்னா இந்த அளவு ஹால்ல சத்தம் ஒரு செகண்டு வாக்குல அடங்கிடணும். அதனால ஒரு பக்கம் முழுக்க புத்தக அலமாரி, பின்சுவருக்கு கனமான திரை, அவ்வளவுதான், இருக்கிற சின்ன ஸ்பீக்கரே போதும்னு ஆயிடுச்சு. மிக்சருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் ஒரே லைன்ல இருந்து கரண்ட் எடுத்ததுல அந்த ம்ம்ம்னு வர்ற இரைச்சலும் நின்னுடுச்சு (சவுண்ட் பாக்குற தம்பிங்க தயவுசெஞ்சு பிளக்க மாத்தாதீங்க).

வாசல்ல 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளத்துல சாய்தளம் போட்டிருக்கோம், இடத்த அடைக்குதுன்னு வருத்தப்பட்டவங்க ஒருதடவ வீல்சேர தள்ளி பாருங்க. கதவெல்லாம் வெளிப்பக்கமா தொறக்கும், அவசரத்துல கூட்டம் நெருக்கினாலும் அடைபடாது.

கமிட்டிக்கு ரொம்ப திருப்தி கொடுத்தது பின்னாடி இருக்கிற படிப்பு ரூம். மேடைக்கு லைட்டும் பெரிய ஸ்கிரீனும் வைக்கலாம்னு பேசின பணத்த இங்க திருப்பிட்டோம், ஒவ்வொரு மேசைக்கும் சார்ஜிங் பாயிண்ட், நல்ல வெளிச்சம், ராத்திரி வரைக்கும் தொறந்திருக்கும். சபைக்கு வராத பிள்ளைங்களும், வேற மதத்து பிள்ளைங்களும் வந்து படிக்கலாம், யாரும் போய் நோட்டீஸ் நீட்டக்கூடாதுன்னு தீர்மானமே போட்டிருக்கோம். ஏதாவது கேக்கணும்னு தோணினா அவங்களா கேப்பாங்க. எபேசுவுல பவுல் ரெண்டு வருஷம் தினமும் பேசினது திறன்னுங்கிறவரோட வித்தியாசாலையில, அதாவது பள்ளிக்கூடத்துலதானே, அப்போஸ்தலர் 19ல இருக்கு. ஆக்ஸ்போர்டுல 1729ல சார்லஸ் வெஸ்லியும் கூடப்படிச்ச ரெண்டொரு பேரும் சேந்து படிக்கவும் ஜெபிக்கவும் ஆரம்பிச்சப்ப அவங்களுக்கு ஹாலே கிடையாது, படிக்கிற பிள்ளைங்க தங்குற ரூம்தான். அண்ணன் ஜான் வெஸ்லியும் அதுல சேந்தாரு, மெதடிஸ்ட் சபைங்கிற பேரே அந்த குரூப்ப கிண்டல் பண்ணி மத்தவங்க வச்ச பேருதான்.

கணக்கு விஷயம். வரவு செலவு முழுசா ஆடிட்டர் கையெழுத்தோட நோட்டீஸ் போர்டுல இருக்கு, யார் வேணும்னாலும் டிரஷரர்கிட்ட பில் கேட்டு பாக்கலாம். ஒவ்வொரு செக்குலயும் ரெண்டு பேர் கையெழுத்து, ஒரே குடும்பத்து ஆளுங்க ரெண்டு பேரும் போடக்கூடாதுன்னு வச்சதால சில நேரம் பேமெண்ட் தள்ளிப்போச்சு, மேஸ்திரி முறைச்சாரு, பரவாயில்ல. காணிக்கை கொடுத்தவங்க பேர கல்வெட்டுல போடணும்னு வந்த கோரிக்கைய கமிட்டி ஏத்துக்கல.

இன்னும் பாக்கி இருக்கிறது பின்பக்க மழைநீர் குழாயும் ரெண்டு ஜன்னலுக்கு கொசுவலையும், அதுக்கு பணம் தனியா எடுத்து வச்சாச்சு. இந்த செமஸ்டரோட படிப்பு முடிச்சு போற கமிட்டி உறுப்பினருங்க சாவியையும் பேங்க் கையெழுத்தையும் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன்னாடி மாத்தி கொடுத்துடுங்க, சவுண்ட் பாக்குறவங்க ஜூனியர் ஒருத்தருக்காவது கத்துக்கொடுத்துட்டு கிளம்புங்க.

இப்படிக்கு,
கட்டடக் கமிட்டிக்காக செயலாளர்