வேதபாட வட்டத்தின் ஆண்டறிக்கை, 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கும், ஆயர் ஐயா அவர்களுக்கும், வட்டத்தின் உறுப்பினர் அனைவருக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துதல்கள்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, இவ்வாண்டு முழுவதும் ஆமோஸ் தீர்க்கதரிசன புத்தகத்தை வாசித்தோம். ஒன்பதே அதிகாரங்கள் என்றாலும், முதல் இரண்டுக்கே மூன்று மாதங்கள் ஆயின. தமஸ்கு, காத்சா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று அயலார்மேல் வரும் தண்டனையைச் சொல்லிக்கொண்டே வந்து, யூதாவைத் தொட்டு, கடைசியில் கேட்டுக்கொண்டிருந்த இஸ்ரவேலின்மேலேயே அந்தத் தீர்ப்பு விழும் இடத்தை எவராலும் எளிதில் கடக்க முடியவில்லை.

தெற்கே யூதா நாட்டின் தெக்கோவாவில் மந்தை மேய்த்து, காட்டத்திப் பழம் பொறுக்கிவந்த ஆமோஸ், கி.மு. எட்டாம் நூற்றாண்டில், இஸ்ரவேலின் அரசன் இரண்டாம் யெரொபெயாமின் செழிப்பான ஆட்சியில், வடக்கே அந்நாட்டின் வழிபாட்டிடமான பெத்தேலுக்குப் போய்ப் பேசினார். அங்கே பலிகளுக்கும் பாட்டுக்கும் குறைவில்லை. குற்றம் சந்தையில் இருந்தது. எட்டாம் அதிகாரத்தில் வரும் ‘எப்பாவைக் குறைத்து, சேக்கலை அதிகமாக்கி’ என்ற வரி (எப்பா தானியம் அளக்கும் அளவு, சேக்கல் வெள்ளி நிறுக்கும் எடை) பலருக்கு விளங்காதபோது, முன்பு மளிகைக்கடை நடத்திய மூத்த உறுப்பினர் ஒருவர் அடுத்த கூட்டத்துக்கு அடி நசுங்கிய பழைய படி ஒன்றைக் கொண்டுவந்து, அதில் அரிசியைத் தலைதட்டி அளந்து, நல்ல படியில் கொட்டிக் காட்டினார். விளிம்புக்குக் கீழே ஒரு விரற்கடை குறைந்தது. நாணயம் வழங்காத அக்காலத்தில் வெள்ளியை எடைக்கல்லுக்கு எதிரே நிறுத்தே விலை கொடுத்தார்கள். ஆகவே கல் கனத்தால் ஏழை கூடுதலாகக் கொடுப்பான், அளவு சிறுத்தால் குறைவாகப் பெறுவான். அன்று வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

நான்காம் அதிகாரத்தில் பஞ்சம், மழையின்மை, பயிர்நோய், கொள்ளைநோய், பட்டணங்களின் அழிவு ஆகியவற்றைச் சொல்லி, ஒவ்வொன்றின் முடிவிலும், ஆக ஐந்து முறை, ‘என்னிடத்தில் திரும்பாமற்போனீர்கள்’ என்று கர்த்தர் முறையிடுகிறார். எபிரெயத்தில் அந்தச் சொல் ‘ஷூவ்’; வழி தப்பியவன் வந்த வழியே திரும்பி நடப்பதற்கும் அதுவே சொல். நம் ‘மனந்திரும்புதல்’ அந்தத் திரும்புதலைக் காத்துவைத்திருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி. ஆயினும் மனம் மட்டும் திரும்பினால் போதாது, தராசும் திரும்பவேண்டும் என்பதே ஆமோஸ் கேட்பது என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

பெத்தேலின் ஆசாரியன் அமத்சியா ஆமோஸைத் துரத்தினான். பின்பு கி.மு. 722 வாக்கில் இஸ்ரவேலின் தலைநகரான சமாரியா அசீரியரிடம் வீழ்ந்தது.

ஐந்தாம் அதிகாரத்தில், நியாயத்தை நிலைப்படுத்தினால் கர்த்தர் ‘ஒருவேளை’ இரங்குவார் என்று வருகிறது. அந்த ஒரு சொல்லைப் பற்றியே கடைசி இரு கூட்டங்களும் நடந்தன, கருத்து ஒன்றுபடவில்லை. ஆதலால், ‘திரும்பு’ என்ற அழைப்போடு தொடங்கும் ஓசியா பதினான்காம் அதிகாரத்தை அடுத்த ஆண்டின் முதற்பாடமாக வைக்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்