பூட்டு முதல் எல்லை வரை: துப்பாக்கி உற்பத்தி நிறுவனத்துக்கு ஒரு புகார்

அனுப்புநர்:
உங்கள் கைத்துப்பாக்கிகளைப் பயன்படுத்தும் வாடிக்கையாளர்கள்,
ஹூஸ்டன், டெக்சாஸ்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
விநியோகப் பிரிவுத் தலைவர்.

பொருள்: 9 மி.மீ. கைத்துப்பாக்கியின் பூட்டு, மேகசின் (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் உறை) இல்லாமலும் சுடும் அமைப்பு, வரிசை எண், டீலர் கண்காணிப்பு தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

பெட்டியைத் திறந்தால் துப்பாக்கி, இரண்டு மேகசின்கள், கையேடு, ஒரு கேபிள் பூட்டு. அந்தப் பூட்டிலிருந்தே தொடங்குகிறோம். அதைப் போட மேகசினைக் கழற்ற வேண்டும். மேலே நகரும் உலோகப் பகுதியான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் அறையான சேம்பரில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் சரிபார்க்க வேண்டும். பிறகு வெற்றுக் கூடு வெளியேறும் துளை வழியாகக் கேபிளை நுழைத்து, மேகசின் செருகும் வாய் வழியாகக் கீழே இழுத்துப் பூட்ட வேண்டும். ஒழுங்காகப் போட்டால் ஸ்லைடும் மூடாது, மேகசினும் ஏறாது. அதுவரை சரி. ஆனால் காலியான துப்பாக்கிக்கு மட்டுமே இந்தப் பூட்டைப் போட முடியும். உங்கள் விளம்பரமோ நள்ளிரவில் கதவு உடைபடும் சத்தத்தைக் காட்டித் துப்பாக்கியை விற்கிறது. அதைப் பார்த்து வாங்குபவர் தோட்டா நிரப்பித் தலைமாட்டில்தான் வைப்பார். பூட்டு முதல் நாளே மேசை இழுப்பறைக்குள் போய்விடும், இரண்டு சாவிகளும் அதே வளையத்தில் தொங்கியபடி. கேபிளும் மெல்லியது. வீட்டில் கிடக்கும் கம்பி வெட்டும் குறடே அதற்குப் போதும். தோட்டாவோடு வைப்பவருக்குத் தேவை சுவரிலோ கட்டிலிலோ திருகி மாட்டும், எண் விசையுள்ள சிறு இரும்புப் பெட்டி. அதைத் தள்ளுபடி விலையிலாவது துப்பாக்கியோடு சேர்த்துத் தாருங்கள்.

அடுத்தது, மேகசினைக் கழற்றிய பிறகும் சேம்பரில் நிற்கும் ஒரு தோட்டா. உங்கள் மாடலில் மேகசின் கையில் இருக்கும்போதே விசையை அழுத்தினால் அது வெடிக்கும். 'மேகசினை எடுத்துவிட்டேன், காலிதான்' என்று நம்பி நடக்கும் விபத்துகள் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தவை. சுத்தம் செய்யப் பிரிப்பதற்கு முன் விசையை ஒருமுறை அழுத்தச் சொல்லும் உங்கள் கையேடு இந்த ஆபத்தை இன்னும் கூட்டுகிறது. மேகசின் இல்லாவிட்டால் சுடாத அமைப்பையும், சேம்பரில் தோட்டா இருப்பதைக் காட்டும் குறியையும் புதிய மாடல்களில் சேர்க்கும்படி கலிஃபோர்னியா 2007 முதல் கேட்டு வந்தது. எங்களுக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். அந்த அமைப்பு விசையின் மென்மையைக் கெடுக்கும் என்றும், கைகலப்பில் மேகசின் தவறுதலாகக் கழன்றால் துப்பாக்கி சுடாமல் நின்றுவிடும் என்றும் சிலர் சொல்கிறார்கள். தேர்வை வாங்குபவரிடம் விடலாமே. சேம்பர் குறிக்கு மட்டும் இந்த ஆட்சேபங்கள் எதுவும் பொருந்தாது. அதை ஏன் கைவிட்டீர்கள்?

மற்ற பொருளாக இருந்தால் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்திடம் போயிருப்போம். பொம்மைத் துப்பாக்கியைத் திரும்பப் பெறச் சொல்ல அதிகாரம் உள்ள அந்த ஆணையம், நிஜத் துப்பாக்கி விஷயத்தில் தலையிட முடியாதபடி 1970களிலேயே சட்டம் போட்டாகிவிட்டது. பழுதான மாடலைத் திரும்பப் பெறுவது முழுக்க உங்கள் விருப்பம். அதனால்தான் நேரே உங்களுக்கு எழுதுகிறோம்.

கைத்துப்பாக்கியோடு பூட்டுத் தர வேண்டும் என்று விற்பனையாளருக்குச் சொன்ன சட்டமும், குற்றவாளிகள் உங்கள் துப்பாக்கியால் செய்ததற்கு உங்கள்மேல் வழக்குப் போட முடியாது என்று சொன்ன சட்டமும் ஒன்றேதான். 2005 அக்டோபரில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட அந்தச் சட்டத்தின் மூலம் உங்களுக்குக் கிடைத்தது ஒரு கோட்டை. எங்களுக்குக் கிடைத்தது இந்தக் கேபிள். ஆனால் கோட்டையிலும் சில வாசல்கள் உண்டு. தயாரிப்புக் குறை, உத்தரவாத மீறல், விற்பனை அல்லது விளம்பரச் சட்டங்களைத் தெரிந்தே மீறுவது ஆகியவற்றுக்கு விதிவிலக்கு இருக்கிறது. 2012 டிசம்பரில் சாண்டி ஹுக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 ஊழியர்களும் கொல்லப்பட்ட பிறகு, சில குடும்பங்கள் கனெக்டிகட் மாநிலத்தில் விளம்பர விதி என்ற வாசல் வழியாகத்தான் உள்ளே போயின. 2022இல் அந்த ரைஃபிளைத் தயாரித்த ரெமிங்டன் தரப்பு 7.3 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

இனி எங்கள் முக்கியப் புகாருக்கு வருகிறோம். 'உரிமம் பெற்ற விநியோகஸ்தருக்கு மட்டுமே விற்கிறோம், அதன்பின் எங்கே போகிறது என்று எங்களுக்குத் தெரியாது' என்பது உங்கள் வழக்கமான பதில். குற்ற இடத்தில் ஒரு துப்பாக்கி கிடைத்தால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். போலீஸ் அதன் தயாரிப்பு, மாடல், வரிசை எண் ஆகியவற்றை மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள மத்திய தடமறியும் மையத்துக்கு அனுப்புகிறது. யாரிடம் எந்தத் துப்பாக்கி என்று தேடக்கூடிய தேசியப் பதிவேட்டைச் சட்டம் தடுக்கிறது. அதனால் மையம் முதலில் கேட்பது உங்களைத்தான். எந்த விநியோகஸ்தருக்கு, எந்தத் தேதியில் அனுப்பினீர்கள் என்று 24 மணி நேரத்துக்குள் நீங்கள் சொல்ல வேண்டும். பிறகு விநியோகஸ்தர், அவருக்குப் பின் டீலர், கடைசியாக, கடையில் வாங்கியவர் நிரப்பிய 4473 என்ற விற்பனைப் படிவம். ஆக, உங்கள் துப்பாக்கிகளில் எவை போலீஸ் கையில் சிக்கின, நீங்கள் அனுப்பி எத்தனை மாதத்தில் சிக்கின என்பதற்கான முதல் பதிவு உங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறது. 2003 முதல் தடமறிதல் தகவலைப் பொதுவில் வெளியிட மத்திய அரசுக்குத் தடை இருக்கிறது. உங்களுக்கு வந்த விசாரணைகளை நீங்களே எண்ணிப் பார்க்க எந்தத் தடையும் இல்லை.

எண்ணினால் என்ன தெரியும்? 2000ஆம் ஆண்டு மத்திய துப்பாக்கிப் பணியகம் வெளியிட்ட அறிக்கையின்படி, 1998இல் செயல்பாட்டில் இருந்த டீலர்கள்வரை தடமறியப்பட்ட துப்பாக்கிகளில் 57 சதவீதம் வெறும் 1.2 சதவீத டீலர்களிடமிருந்து வந்தவை. அதிகம் விற்கும் கடையைப் பற்றி அதிகம் விசாரணை வரும் என்பது நியாயமான வாதம். அதனால் எண்ணிக்கையை மட்டும் பார்க்க வேண்டாம். விசாரணைகளை அந்தக் கடையின் மொத்த விற்பனையால் வகுத்துப் பாருங்கள். விற்ற 3 ஆண்டுக்குள் குற்றத்தில் சிக்கியவற்றைத் தனியே எடுங்கள். ஒரே வாரத்தில் ஒரே மாடல் கொத்தாகப் போயிருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் தேர்ந்தெடுக்க, இன்னொருவர் படிவம் நிரப்பி ரொக்கமாகக் கட்டும் பினாமி வாங்குதல் இந்த மூன்றிலும் தடம் விடும்.

பினாமிகள் இடுக்குகளை நன்றாக அறிந்தவர்கள். ஒரே ஆள் 5 வேலை நாட்களுக்குள் இரண்டு கைத்துப்பாக்கி வாங்கினால் டீலர் பணியகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். ஆறாவது நாள் வந்தாலோ, அடுத்த தெருக் கடைக்குப் போனாலோ அறிக்கை இல்லை. கழற்றும் மேகசின் கொண்ட, குழல் அளவு .22க்கு மேற்பட்ட அரைத் தானியங்கி ரைஃபிள்களுக்கு இந்த விதி 2011இல்தான் வந்தது, அதுவும் டெக்சாஸ், அரிசோனா, நியூ மெக்சிகோ, கலிஃபோர்னியா ஆகிய நான்கு எல்லை மாநிலங்களில் மட்டும். வழக்கமான தணிக்கைக்காகப் பணியகம் ஒரு கடைக்குள் 12 மாதத்துக்கு ஒருமுறைதான் நுழையலாம். அரசின் கண் இவ்வளவுதான் எட்டும் என்பது உங்களுக்கும் தெரியும்.

எங்கள் ஹூஸ்டனிலிருந்து தெற்கே சில மணி நேரம் ஓட்டினால் மெக்சிகோ எல்லை. மெக்சிகோவில் சட்டப்படி துப்பாக்கி விற்பது ராணுவம் மட்டுமே. 9 மி.மீ., .38 சூப்பர், அதற்கு மேற்பட்ட கைத்துப்பாக்கிகளை அந்நாட்டுச் சட்டம் படைகளுக்கென ஒதுக்கியிருக்கிறது. அதாவது உங்கள் 9 மி.மீ. ஒன்று அங்கே ஒரு சாதாரண ஆளின் இடுப்பில் இருந்தால், அது நேர்வழியில் போயிருக்க வாய்ப்பில்லை. இரண்டு மூன்றாகக் கார் இருக்கைக்கு அடியில் போகும் இந்தக் கடத்தலைத்தான் மெக்சிகோக்காரர்கள் எறும்புக் கடத்தல் என்கிறார்கள். 2021 ஆகஸ்டில் மெக்சிகோ அரசு பாஸ்டன் நீதிமன்றத்தில் ஏழு உற்பத்தியாளர்கள், ஒரு விநியோகஸ்தர் மீது வழக்குத் தொடுத்தது. 2025 ஜூன் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை நிராகரித்தது.

அந்தத் தீர்ப்பைக் காட்டி எங்கள் வாயை அடைக்க வேண்டாம். நீதிபதி எலெனா கேகன் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறோம். எந்த டீலர், எந்த விற்பனை என்று மனு சுட்டவில்லை, கண்டும் காணாமல் இருப்பது குற்றத்துக்கு உடந்தையாகிவிடாது என்பதே அதன் சாரம். அதே தீர்ப்பு 1943ஆம் ஆண்டு வழக்கு ஒன்றைப் பேசுகிறது. சிற்றூர் மருத்துவர் ஒருவருக்கு அளவுக்கு மீறி மார்ஃபின் அனுப்பிக்கொண்டே இருந்த மருந்து நிறுவனம் அதில் தண்டிக்கப்பட்டது. யாரிடம் போகிறது என்று தெரிந்தும் அனுப்பியதுதான் அங்கே வேறுபாடு. உங்கள் விசாரணைப் பதிவை ஒருமுறை கடைவாரியாகப் பிரித்துப் பார்த்தால் நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று உங்கள் வழக்கறிஞர்களே சொல்வார்கள்.

'இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது' என்று சொல்ல முடியாது. 2000 மார்ச்சில் ஸ்மித் அண்ட் வெசன் துப்பாக்கி நிறுவனம் அரசுடன் ஒப்பந்தம் போட்டு, டீலர்களுக்கு நடத்தை விதி, துப்பாக்கிக்குள்ளேயே பூட்டு, மறைவான இரண்டாவது வரிசை எண் எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டது. தொழிற்சாலையால் முடியாமல் அது தோற்கவில்லை. வாடிக்கையாளர்களும் கடைகளும் அந்த நிறுவனத்தைப் புறக்கணித்தார்கள். மறு ஆண்டே அது அடிமாட்டு விலைக்குக் கைமாறியது. அந்தப் பயம் உங்களுக்கு இன்னும் இருக்கிறது என்று புரிகிறது. வாங்குபவர்களான நாங்கள் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வரிசை எண்ணைப் பற்றி ஒரே வரி: சட்டம் கேட்கும் ஆழம் 0.003 அங்குலம், நீங்கள் அதற்கு மேல் ஒரு மயிரிழையும் போவதில்லை. ஆழமாகப் பொறியுங்கள், மறைவான இடத்தில் இன்னொன்றும் பொறியுங்கள்.

விநியோக ஒப்பந்தத்தில் நாங்கள் கேட்பது இது. காலாண்டுக்கு ஒருமுறை, ஒவ்வொரு கடைக்கும் எத்தனை தடமறிதல் விசாரணை வந்தது, ஒரே ஆள் பல துப்பாக்கி வாங்கியதற்கான அறிக்கை எத்தனை போனது என்ற எண்ணிக்கையை விநியோகஸ்தர் உங்களுக்குத் தர வேண்டும். வாங்கியவர்களின் பெயர் வேண்டாம், அதில் எங்கள் அந்தரங்கமும் அடங்கியிருக்கிறது. விகிதம் மோசமான கடைக்கு முதலில் எச்சரிக்கை, ஊழியர் பயிற்சி, கவுண்டரில் கேமரா. அடுத்த காலாண்டிலும் மாறாவிட்டால் சரக்கை நிறுத்துங்கள். எல்லையோரக் கடைகளில் இதைத் தொடங்குங்கள்.

30 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும். சேம்பர் குறி பற்றிய கேள்விக்குப் பொறியாளரும், டீலர் பற்றிய கேள்விக்கு விநியோகப் பிரிவும் தனித்தனியே எழுதட்டும். வழக்கமான நன்றிக் கடிதம் வேண்டாம். புதிய மாடலுக்குக் கட்டிய முன்பணத்தை அதுவரை நிறுத்தி வைக்கும்படி எங்கள் கடைக்காரரிடம் சொல்லிவிட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்கள்