சிறிய அரங்குகளில் சீட்டு விற்பனை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் சிறு நாடகக் குழுக்களின் நாடகங்களை முப்பது ஆண்டுகளாகப் பார்த்துவருபவன் நான். சென்ற மாதம், நூற்றைம்பது இருக்கைகளே கொண்ட ஓர் அரங்கில் நடந்த நாடகத்திற்கு, என் மனைவிக்கும் அக்காவுக்கும் எனக்குமாக மூன்று சீட்டுகள் வாங்க முயன்றேன். விளம்பரத்தில் விலை 200 ரூபாய் என்றிருந்தது. சீட்டு விற்கும் செயலியில் பெயர், மின்னஞ்சல், இருக்கை எண் அனைத்தையும் கொடுத்துக் கடைசிப் பக்கத்திற்கு வந்த பிறகுதான், சீட்டு ஒன்றுக்கு 24 ரூபாய் இணையவழிக் கட்டணமும் அதன்மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து, 600 ரூபாய் 684 ரூபாய் 96 காசாகியிருப்பது தெரிந்தது. 500 ரூபாய் வரையிலான நாடகச் சீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. நாடகத்திற்கு இல்லாத வரியை, அதற்கு இடம் பிடித்ததற்குக் கட்ட வேண்டியிருப்பது வேடிக்கைதான்.

விலையை இப்படிக் கடைசியில் கூட்டிக் காட்டுவதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், தடை செய்யப்பட்ட பதின்மூன்று ஏமாற்று உத்திகளுள் ஒன்றாகவே வைத்திருக்கின்றன. பெரிய திரையரங்குகளில் பழகிப்போன இந்த வழக்கம் சிறிய நாடக அரங்குக்கும் வந்துவிட்டதே என்பதுதான் என் வருத்தம்.

போகட்டும் என்று யுபிஐ மூலம் பணம் கட்டினேன். வங்கியிலிருந்து பணம் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது, சீட்டு வரவில்லை. மாலையில் அந்தக் குறுஞ்செய்தியுடன் அரங்குக்கே சென்றோம். வாசலில் நின்ற இளைஞர் தம் கைப்பேசியில் பட்டியலை இருமுறை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "லிஸ்ட்ல பேர் இல்ல சார், ஆப்லதான் கேக்கணும்" என்றார். ரொக்கமாகத் தருகிறோம் என்றதற்கு, வாங்க அனுமதியில்லை என்றார். டிக்கெட் கவுன்டர் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கதவு திறந்து மூடும்போதெல்லாம் உள்ளே மூன்றாம் வரிசையில் காலியிடங்கள் தெரிந்தன. நான்காம் நாள் பணம் கணக்குக்குத் திரும்பியது. இத்தகைய தடங்கலில் ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு விதி. ஆகவே அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த நாடகத்திற்கு அன்று ஒரே ஒரு காட்சிதான்.

குழுக்களின் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. "நாலு சீட்டு எடுத்து வையுங்கள்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு வராமல் இருந்துவிடுகிறவர்கள் நம்மில் பலர். அரங்க வாடகையை முன்கூட்டியே கட்ட வேண்டியவர்களுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பது தெரிந்தாக வேண்டும். கவுன்டரில் உட்கார ஆளும் கிடைப்பதில்லை. அதனால் முழு விற்பனையையும் செயலியிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். சபா உறுப்பினர் அட்டையைக் காட்டி உள்ளே போன தலைமுறையினர், அதாவது இந்த நாடகங்களை விடாமல் பார்க்கும் கூட்டத்தில் பெரும்பாலோர், இதனால் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

இருபது இருக்கைகளையாவது நேரடி விற்பனைக்கு ஒதுக்கி, காட்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு வாசலில் ஒரு மேசை போட்டு, குழுவின் வங்கிக் கணக்குக்கான க்யூஆர் அட்டையையும் சில்லறைப் பெட்டியையும் வைத்தால் போதும். வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐ தொகைக்கு 2020 ஜனவரி முதல் வணிகரிடம் கட்டணம் பிடிப்பதில்லை என்பதால், 200 ரூபாயும் முழுதாகக் குழுவுக்கே சேரும். தொலைபேசியில் சொல்லி வைத்தவர் காட்சிக்குப் பதினைந்து நிமிடம் முன்பு வரை வரவில்லையென்றால், அந்த இடத்தைக் காத்திருப்பவருக்குத் தாராளமாகக் கொடுத்துவிடலாம்.

அதே குழு அடுத்த மாதம் அந்த நாடகத்தை மீண்டும் மேடையேற்றுவதாக அறிகிறேன். விளம்பரத்தில் முழு விலையும், கவுன்டர் திறக்கும் நேரமும், பேசுவதற்கு ஒரு தொலைபேசி எண்ணும் இருந்தால் நாங்கள் மூவரும் வருவோம்.

இப்படிக்கு,
நாடக ரசிகர் ஒருவர்,
சென்னை