பெரிய பெட்டி வேண்டாம், ஒன்று மட்டும் வாங்கு

கோத்தகிரி
ஜனவரி 12

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய படங்களை அம்மா பெரிதாக்கிக் காட்டினாள். பேட்டரியில் ஓடும் ஆறு கருவிகள், மூன்று பேட்டரிகள், இரண்டு சார்ஜர்கள், சக்கரம் வைத்த பெட்டி. "பழைய டிரில்லை ஓரம் கட்டிவிடலாம் அப்பா, சரி என்றால் இன்றைக்கே பணம் கட்டிவிடுகிறேன்" என்று சொல்லியிருந்தாய். அன்றே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். செலவு என்றாலே என் வாயில் முதலில் வரும் சொல் அதுதான் என்று உனக்குத் தெரியும். பத்து நாளாகப் பதில் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம், அந்தச் சொல் இந்த முறை சரிதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இப்போது தெளிந்துவிட்டேன். போனில் சொன்னால் பாதியில் குழந்தை அழும், நீ எழுந்து போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளையிடமும் காட்டு.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பின்பக்கத் தாழ்வாரத்தை அறையாக மாற்றுகிறேன். மே மாதம் நீ பிள்ளையோடு வரும்போது அந்த அறையில்தான் தங்கப் போகிறாய். ஒரு பக்கம் வீட்டின் கருங்கல் சுவர் இருக்கிறது. மற்ற மூன்று பக்கமும் சட்டம் நிறுத்தி சில்வர் ஓக் பலகை அடிக்க வேண்டும். மேலே இருக்கும் துருப்பிடித்த தகரத்தை எடுத்துவிட்டு, இரும்புச் சதுரக் குழாயின் மேல் கலர் ஷீட் போட வேண்டும். இந்த ஊருக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது என்றாலும் கோடை மழை ஏப்ரலிலேயே தொடங்கிவிடும். கூரை மார்ச்சுக்குள் முடிந்தாக வேண்டும். 2009 நவம்பரில் ஊரெல்லாம் மண் சரிந்த அந்த இரவு இதே தகரத்தின் கீழே நாம் வாளி வைத்துக்கொண்டு விழித்திருந்தது உனக்கு நினைவிருக்கும். அந்தத் தகரத்தின் கீழே என் பேரப்பிள்ளையைப் படுக்க வைக்க மாட்டேன்.

நீ முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த 12 வோல்ட் டிரில்லைத்தான் இதுவரை வைத்து ஓட்டினேன். அது நீ தந்தது என்பதால் அப்பா விடமாட்டேன் என்கிறார் என்று நினைக்காதே. நீ தந்தது என்பதும் ஒரு காரணம்தான், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யவில்லை. போன வாரம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, சில்வர் ஓக் பலகையில் இரண்டு அங்குல ஸ்குருவாக முடுக்கிக்கொண்டே போனேன். அறுபத்து மூன்று போனது. மறுநாள் காலை, இரவு முழுவதும் கொட்டகையில் கிடந்த மற்றொரு பேட்டரியை எடுத்து அதேபோல் முடுக்கினேன். நாற்பதைத் தொடும் முன்பே நின்றுவிட்டது. இரண்டும் ஒரே நாள் வாங்கியவை, ஒரே மாதிரி உழைத்தவை. வித்தியாசம் குளிர்தான். லித்தியம் பேட்டரிக்குள் நடக்கும் வேலை குளிரில் மந்தமாகிவிடுகிறது, கேட்ட வேகத்தில் மின்சாரத்தைத் தர முடிவதில்லை. உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் செய்தால் அதைவிட மோசம், உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரியையே கெடுத்துவிடும். ஊட்டியில் இந்த மாதம் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கிறதே, அங்கே கொட்டகையில் சார்ஜர் வைத்திருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். நான் இப்போது இரண்டு பேட்டரிகளையும் இரவில் சமையலறை அலமாரியில் வைக்கிறேன். அடுப்புப் பக்கம் வைக்கவில்லை, பயப்படாதே.

ஆக, பாதிக் குறை பேட்டரி வைத்திருந்த இடத்தில் இருந்தது. பலகை வேலைக்கு அந்தப் பழைய டிரில் இன்னும் போதும். ஒரு கிலோ எடைதான். கீல் மாட்டவும், சட்டத்தின் மூலைக்குள் கையை நுழைத்து முடுக்கவும் அதைப்போல வசதி எதுவும் இல்லை.

கூரைக்கு மட்டும் அது போதாது. புதன்கிழமை வெள்ளோட்டம் பார்க்கலாம் என்று ஒரு குழாயைப் பொருத்தி, ஏணியில் ஏறி, ஷீட்டுக்கு அடிக்கும் ஸ்குரு நான்கை முடுக்கினேன். நுனியே துளை போட்டுக்கொண்டு இறங்கும் ஸ்குரு, தலைக்கடியில் ரப்பர் வாஷரோடு வருமே, அது. மூன்று இறங்கின. நான்காவது குழாயின் இரும்பில் பாதி புகுந்ததும் சிக்கிக்கொண்டது. ஸ்குரு நின்றுவிட்டது, மோட்டார் நிற்கவில்லை. டிரில்லே என் கையைத் திருகிக்கொண்டு சுற்றியது. 1998-இல் தேயிலை ஆலையில் ரோலரைக் கழற்றும்போது உடைந்த அதே வலது மணிக்கட்டு. இடது கை ஏணியை விட்டுவிட்டது. விழவில்லை. ஆனால் கீழே ஏணியைப் பிடித்திருந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது, இதை இப்படியே தொடரக் கூடாது என்று முடிவு செய்தேன். அன்று போனில் அவள் குரல் ஒருமாதிரி இருந்தது என்று கேட்டாயே, காரணம் இதுதான். உன்னிடம் மறைத்ததற்கு மன்னித்துக்கொள்.

அதனால் ஒன்று வாங்கு. 18 வோல்ட் இம்பாக்ட் டிரைவர், அதாவது அடித்து அடித்து ஸ்குரு முடுக்கும் கருவி. மற்ற ஐந்தும் வேண்டாம்.

ஏன் அது என்று சொல்கிறேன். சாதாரண டிரில்லில் மோட்டாரின் முறுக்கு ஒரே சீராக வருகிறது. ஸ்குரு நின்றால் அந்த முறுக்கு முழுவதும் திரும்பி நம் மணிக்கட்டுக்கு வந்து சேரும். இம்பாக்ட் டிரைவருக்குள் ஒரு சுத்தியும், அது அடிக்க ஒரு பட்டறைக்கல்லும் இருக்கின்றன. ஸ்குரு இறுகும்போது சுத்தி கொஞ்சம் பின்வாங்கி, வில்லின் விசையோடு சுழன்று வந்து பட்டறைக்கல்லில் அடிக்கும். ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான அடி. இறுகிய நட்டைக் கழற்ற ஸ்பேனரின் வாலில் சுத்தியால் தட்டுவோமே, அதேதான். அடி வாங்குவது ஸ்குரு, நம் கைக்கு வருவது அதிர்வு மட்டும். என் டிரில்லின் முறுக்கு 30 நியூட்டன் மீட்டர் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. நீ அனுப்பிய படத்தில் இருக்கும் டிரைவருக்கு 170-க்கும் மேலே போட்டிருக்கிறார்கள். ஆறு மடங்கு என்று நினைத்துவிடாதே, அடித்து வரும் முறுக்கும் சீராக வரும் முறுக்கும் வேறு வேறு. எனக்கு அந்த எண்ணைவிடப் பெரிது, கை திருகாது என்பது. அது போடும் சத்தத்துக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன்.

வயர் வைத்த மெஷினாலேயே செய்யலாமே என்று மாப்பிள்ளை கேட்பார். கல் சுவரில் துளை போட வயர் மெஷின்தான். பக்கத்து வீட்டுக்காரரின் ஹேமர் டிரில்லை ஒரு நாள் இரவல் வாங்கிக்கொள்கிறேன். மொத்தமே பன்னிரண்டு துளைகள், அதற்காக ஒன்றைச் சொந்தமாக வாங்குவது வீண். ஆனால் கூரைமேல் வயரை இழுத்துக்கொண்டு நிற்க எனக்கு மனமில்லை. காலை பத்து மணி வரை பனிநீர் வழுக்குகிறது. காற்றடித்து ஒரு கற்பூர மரக்கிளை கம்பிமேல் விழுந்தால் அன்றைக்கு மின்சாரமும் கிடையாது.

படத்தில் இருந்த வட்ட ரம்பமும் வேண்டாம். பலகையை அறுவை மில்லிலேயே அளவுக்கு அறுத்து, இழைத்துத் தருகிறார்கள். அவர்களிடம் வாங்கினால் மரத்துக்கு அனுமதிச் சீட்டும் இருக்கும். இந்த மலையில் 1955 முதல் மரம் வெட்டுவதற்குச் சட்டம் இருக்கிறது, சொந்தத் தோட்டத்து மரமானாலும் கேட்டுத்தான் வெட்ட வேண்டும்.

வாங்கும்போது லேபிளைப் பார்த்து ஏமாறாதே. 18 வோல்ட் என்றும் 20 வோல்ட் மேக்ஸ் என்றும் போட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான். உள்ளே ஐந்து செல் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றும் 3.6 வோல்ட், ஆக 18. முழுதாகச் சார்ஜ் ஏறிய நேரத்தில் ஒவ்வொன்றும் 4 வோல்ட்டைத் தொட்டுத் தாண்டும், அந்தக் கணக்கில் 20 என்று எழுதுகிறார்கள். என்னுடைய 12 வோல்ட்டும் அப்படியே. மூன்று செல், உண்மையில் 10.8.

பார்க்க வேண்டியது வாட் ஹவர், பேட்டரி மொத்தம் எவ்வளவு சக்தி வைத்திருக்கும் என்ற கணக்கு. வோல்ட்டையும் ஆம்பியர் ஹவரையும் பெருக்கினால் வரும். என் பழைய பேட்டரி 10.8 பெருக்கல் 2, அதாவது 21.6. புதியதில் 2 ஆம்பியர் ஹவர் பேட்டரி வாங்கினால் 36. படத்தில் இருப்பது 5 ஆம்பியர் ஹவர், 90 வாட் ஹவர், தெம்பு அதிகம்தான். ஆனால் அதற்குள் பத்து செல் இருக்கிறது, கனம் கூடும். ஏணியில் ஒற்றைக் கையால் தலைக்குமேல் தூக்கிப் பிடிப்பவனுக்கு அந்தக் கனம் பெரிது. 2 ஆம்பியர் ஹவர் பேட்டரி இரண்டு, சார்ஜர் ஒன்று, அவ்வளவு போதும். ஒன்று மேலே உழைக்கும்போது மற்றது கீழே சார்ஜ் ஆகட்டும்.

பிரஷ் வைத்த மோட்டாரா, பிரஷ் இல்லாததா என்பதில்தான் அதிகம் யோசித்தேன். பிரஷ் என்பது மோட்டாரின் சுழலும் பாகத்தில் உரசிக்கொண்டே மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டு. முப்பத்தொரு வருடம் தேயிலை ஆலையில் ஃபிட்டராக இருந்தவனுக்குக் கார்பன் பிரஷ் பழகிய பொருள். தேய்ந்தால் மூடியைத் திருகி எடுத்து, புதிதாக ஒன்றை வைத்து, பத்து நிமிடத்தில் ஓட்டிவிடலாம். பிரஷ் இல்லாத மோட்டாரில் அந்த வேலையை ஓர் எலெக்ட்ரானிக் போர்டு செய்கிறது. போர்டு போனால் என் கையில் ஒன்றும் இல்லை, கோயம்புத்தூருக்குத்தான் கொண்டு போக வேண்டும். இதற்காகவே பிரஷ் வைத்ததை வாங்கச் சொல்ல நினைத்தேன். ஆனால் பிரஷ் உரசுவதில் சக்தி வீணாகிறது, சூடாகிறது. பிரஷ் இல்லாதது அதே பேட்டரியில் கூடுதல் ஸ்குரு முடுக்கும். சிறிய பேட்டரி போதும் என்று நான் சொல்வதற்கும் அதுதான் துணை. பிரஷ் இல்லாததையே வாங்கு. கோயம்புத்தூரில் சர்வீஸ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்கு.

பாஷ், மகிட்டா, டிவால்ட், எதுவானாலும் எனக்குச் சம்மதம். ஒன்றின் பேட்டரி இன்னொன்றில் சேராது என்பதை மட்டும் மனத்தில் வை. புனேயில் உன் வீட்டுக்கு நாளைக்கு ஏதாவது வாங்கினால் அதே கம்பெனியில் வாங்கு. நீ வரும்போது உன் பேட்டரியை என் கருவியில் போட்டுக்கொள்வேன்.

பழைய டிரில்லுக்கு அதே கம்பெனியின் அசல் பேட்டரி ஒன்று இங்கேயே சொல்லி வைத்திருக்கிறேன். பஜாரில் ஒரு தம்பி, பழைய பேட்டரியைப் பிரித்து உள்ளே புது செல் வைத்துத் தருகிறேன் என்று பாதி விலை சொன்னான். நல்ல பையன், கைவேலையும் சுத்தம். ஆனாலும் மறுத்துவிட்டேன். செல்கள் ஒன்றுக்கொன்று ஒத்த அளவில் இல்லாவிட்டால் ஒன்று நிறைந்த பிறகும் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும், சூடேறும், தீப்பிடிக்கும். நம்முடையது மரத்தளம் போட்ட வீடு. அந்தத் துணிச்சல் எனக்குக் கிடையாது.

இன்னொன்று, கூரியரில் அனுப்பாதே. பிப்ரவரி கடைசியில் மாப்பிள்ளை வேலையாகக் கோயம்புத்தூர் வருகிறார் என்றாயே, அவரிடம் கொடுத்துவிடு. டிரைவரைப் பெட்டியில் போட்டு விமானத்தில் ஏற்றிவிடலாம். பேட்டரி இரண்டையும் கைப்பையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும், தனி லித்தியம் பேட்டரியைச் சரக்காக ஏற்றும் பயணப் பெட்டியில் போக விடமாட்டார்கள். 100 வாட் ஹவருக்குக் கீழே தனி அனுமதி தேவையில்லை, நம்முடையது 36. உலோக முனைகளின்மேல் டேப் ஒட்டி, தனித்தனி உறையில் போடச் சொல். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி பஸ்ஸில் ஏறியதும் ஒரு போன் செய்தால் போதும், நான் பஸ் நிலையத்தில் நிற்பேன்.

ஷீட்டுக்கு அளவு எடுத்துவிட்டேன். கிழக்குப் பக்கம் ஒரு ஜன்னல் வைக்கிறேன், காலை வெயில் தொட்டிலில் விழும்படி. தொட்டிலைச் சுவர் ஓரம் போடுவாயா, நடுவில் தொங்கவிடுவாயா? நடுவில் என்றால் இப்போதே சொல். அதற்கு ஒரு குழாயைக் கனமாகப் போட்டு, கொக்கியைப் பற்றவைத்துவிட வேண்டும், கூரை மூடிய பிறகு முடியாது.

அன்புடன்,
அப்பா

பி.கு.: டிரைவரோடு, ஷீட் ஸ்குருவின் தலையைப் பிடிக்க 8 மில்லிமீட்டர் அறுகோண சாக்கெட் இரண்டு, காந்தம் வைத்ததாகப் பார்த்து வாங்கு. இம்பாக்டுக்கு என்றே செய்த கறுப்பு நிறத்தவை இருக்கும், வெள்ளிப் பூச்சு போட்ட சாதாரண சாக்கெட் அடி தாங்காமல் விரிசல் விடும்.