சிறுவர் நூல்கள் பெரியவர்களுக்கும் உரியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு வயதில் படித்த கதைப் புத்தகங்களை ஐம்பது வயதுக்கு மேல் மீண்டும் எடுத்துப் படிப்பது வேலையற்றவர் செய்யும் காரியம் என்ற எண்ணம் நம்மிடையே ஆழப் பதிந்திருக்கிறது. நூலகத்தின் சிறுவர் பிரிவிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துச் சென்றால், "பேரனுக்கா?" என்று கேட்ட பிறகே பதிவேட்டில் எழுதுகிறார்கள். எனக்குத்தான் என்று சொன்னால் ஒரு கணம் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். அந்த எண்ணம் மாற வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947-ஆம் ஆண்டில் தொடங்கிய அம்புலிமாமா என்ற சிறுவர் இதழையே எடுத்துக்கொள்வோம். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு அது வந்தால் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் படித்து முடிப்போம்; அட்டை கிழிந்து, ஓரங்களில் எண்ணெய்க் கறை ஏறி, கடைசியில் யார் வீட்டுப் பரணிலாவது போய்ச் சேரும். அதில் வந்த விக்கிரமாதித்தன் வேதாளம் கதைகளை ஓவியர் சங்கரின் படத்துக்காகவே முதலில் புரட்டுவோம். கையில் வாளும் தோளில் பிணமுமாக அரசன் நடக்கும் அந்தப் படத்தைப் பார்த்த இரவில், முருங்கை மரம் நிற்கும் கொல்லைப்புறத்துக்குத் தனியே போகத் துணிவு வராது.

இன்று அக்கதைகளைப் படிக்கையில் என்னை நிறுத்துவது வேதாளத்தின் கேள்விதான். வேதாளக் கதைகளில் பழமையான ஒன்றில், அரசனின் உயிரைக் காக்க அவனுடைய காவலன் வீரவரன் தன் மகனையே தேவிக்குப் பலி கொடுக்கிறான்; துயரம் தாளாமல் அவன் குடும்பமே மடிய, அவனும் உயிரை விடுகிறான்; மறைந்திருந்து பார்த்த அரசனும் தன் தலையை அறுத்துக்கொள்ள வாளை உருவும்போதுதான் தேவி தோன்றி எல்லோரையும் உயிர்ப்பிக்கிறாள். இவர்களுள் உயர்ந்தவர் யார் என்பது கேள்வி. ஊழியன் அரசனுக்காக உயிர் கொடுப்பது கடமை, அரசன் ஊழியனுக்காக உயிர் கொடுக்கத் துணிந்ததே உயர்வு என்று விக்கிரமன் விடை சொல்கிறான். சிறுவனாக இருந்தபோது அந்த விடையைச் சரி என்று ஏற்றுக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பிறகு படிக்கும்போது அந்தத் தீர்ப்பு எனக்கு ஒப்பவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் பங்கை அதில் யாரும் எடைபோடவேயில்லை. இப்படிக் கதையோடு வாதாடும் இன்பம் வயது வந்த வாசகருக்கே கிட்டுகிறது. மூலத்தில் 25 கதைகளே இருக்க, அந்தக் கட்டமைப்பை வைத்தே பல பத்தாண்டுகள் புதுக்கதைகள் எழுதிய பெயர் தெரியாத எழுத்தாளர்களின் திறமையும் இப்போதுதான் உறைக்கிறது.

நம் மண்ணுக்கே உரிய சான்றும் உண்டு. பழைய நெல்லைச் சீமையின் இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்', பறவை முட்டைகளைச் சேகரிக்கும் ஒரு சிறுவனின் கதை. கரிசல் காட்டின் பறவைகளையும் பிள்ளைகளின் மனத்தையும் அவ்வளவு நுணுக்கமாகச் சொல்லும் நூலைச் சிறுவர் அலமாரியிலேயே விட்டுவிட்டு வருவது நமக்குத்தான் இழப்பு. அழ. வள்ளியப்பாவின் பாடல்களையும் வாண்டுமாமாவின் கதைகளையும் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இது பழையன பற்றிய ஏக்கம் மட்டுமன்று. கோவில்பட்டியைச் சேர்ந்த உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' சிறுவர் இலக்கியத்துக்காகச் சாகித்ய அகாதெமி வழங்கும் பால சாகித்ய புரஸ்காரை 2023-ஆம் ஆண்டுக்குப் பெற்றது. கீழடியை மையமாகக் கொண்ட அந்நூலைப் பெரியவர்களும் படிக்க வேண்டும்.

அம்புலிமாமா, பூந்தளிர் போன்ற இதழ்களின் அச்சுப் பதிப்புகள் எப்போதோ நின்றுவிட்டன. சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்தும் நமக்கு, அவற்றின் பழைய இதழ்களைக் கட்டுக்கட்டாக பைண்டு செய்து வைத்திருக்கும் ஓர் அலமாரியைப் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் கேட்கும் உரிமை உண்டு. அதனருகே எந்த வயதினரும் அமர்ந்து படிக்க இடம் தர வேண்டும் என்று நூலகத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுப் பரணில் அத்தகைய இதழ்களை வைத்திருக்கும் நெல்லை வாசகர்கள், வீட்டுக்கு வெள்ளையடிக்கும் சமயத்தில் அவற்றை எடைக்குப் போட்டுவிடாமல் அந்த அலமாரிக்கென எடுத்து வைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கல்லிடைக்குறிச்சி வாசகர் ஒருவர்